எம்.ஜி.பி.யா, ஸ்பிட்ஃபயரா: எந்தக் காரைப் பிரித்துப் போடலாம்?

1962-இல் பிரிட்டனில் இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் வெளிவந்தன. ஒன்று ஆபிங்டனில் தயாரான எம்.ஜி.பி., இன்னொன்று கவென்ட்ரியின் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 1968 முதல் இரண்டும் பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1980-இல் இரண்டுமே நின்றுபோயின. இவற்றில் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்க நினைக்கும் பலர் இன்ஜினைப் பார்த்து மயங்குகிறார்கள். முதலில் துருவைப் பாருங்கள்.

எம்.ஜி.பி.க்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. பாடிதான் பாரம் தாங்குகிறது. அதிலும் கதவுக்கு அடியில் ஓடும் 'சில்' பகுதிதான் முதுகெலும்பு. உள்தகடு துருப்பிடித்து உதிர்ந்தாலும், மேலே புதுத் தகடு வைத்து பெயிண்ட் அடித்து விற்பவர்கள் உண்டு. காரை ஜாக்கியில் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடித்தால் சில் போய்விட்டது. அதை வெட்டி எடுக்கும் முன் கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே இரும்புக் கம்பி முட்டுக் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்துவிடும். மொத்தமும் போயிருந்தாலும் வழி இருக்கிறது: பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988-இல் பழைய அச்சுகளைக் கொண்டே புது பாடி அடிக்கத் தொடங்கியது. விலைதான் தலைசுற்ற வைக்கும்.

ஸ்பிட்ஃபயரில், ட்ரையம்ஃபின் இன்னொரு காரான ஹெரால்டிலிருந்து வந்த தனி சேசிஸ். பாடியைத் தனியாகக் கழற்றி வைக்கலாம். பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் கவிழும். டயர் மேல் உட்கார்ந்தபடியே இன்ஜின் வேலை பார்க்கலாம், அவ்வளவு வசதி! ஆனால் சேசிஸ்தான் இருக்கிறதே என்று சில்லை அலட்சியம் செய்யாதீர்கள். ஹெரால்டின் பக்கச் சட்டங்களை இதில் எடுத்துவிட்டதால் இங்கேயும் சில் பாரம் தாங்குகிறது.

இன்ஜினில் எம்.ஜி.பி.க்கே என் ஓட்டு. அதன் 1798 சி.சி. இன்ஜின் முரட்டு ஜென்மம். ஸ்பிட்ஃபயரில், கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்து கழன்று விழும் வியாதி உண்டு. ஒருவர் கிளட்சை மிதிக்க, நீங்கள் இன்ஜினின் முன்பக்கம் உள்ள கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது வந்த வழியே திரும்பிவிடுங்கள். அப்புறம், முன்சக்கரம் திரும்ப உதவும் கீழ் மூட்டான ட்ரன்னியனுக்கு கிரீஸ் அல்ல, கியர் ஆயில்தான் போட வேண்டும்.

வெல்டிங் கைவந்தவர், தினமும் ஓட்ட ஆசைப்படுபவர் எம்.ஜி.பி. எடுக்கலாம். ஸ்பானரும் சின்ன ஷெட்டும் மட்டும் இருப்பவருக்கு ஸ்பிட்ஃபயர், அதிலும் 1500 என்ற மாடலை விட 1296 சி.சி. இன்ஜின் உள்ள வண்டி.