பழைய ஏர் ரைபிள் கட்டைக்கு வண்ணாரப்பேட்டை பாலிஷ் பட்டறை: போகலாமா?

போகலாம். ஆனால் “எண்ணெய் மட்டும் போதும், வார்னிஷ் கிட்டயே வரக்கூடாது” என்று வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவர்கள் போகலாம். சும்மா கொடுத்துவிட்டு வந்தால் உங்கள் பழைய துப்பாக்கிக் கட்டை, அதாவது தோளில் வைத்துப் பிடிக்கும் மரப்பாகம், கல்யாண மண்டப மேடை நாற்காலி மாதிரி மினுமினுத்துக்கொண்டு திரும்பி வரும்.

பட்டறைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. எம்.சி. ரோட்டு ஜவுளிக் கூட்டத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கிறது, கதவும் கட்டிலும் பூஜை மண்டபமும் வாசலில் சாய்த்து வைத்திருப்பார்கள், ஸ்பிரிட் வாசனையே வழி காட்டும். மேஸ்திரிக்கு வீட்டு மரச்சாமான்தான் தொழில், துப்பாக்கி எல்லாம் எப்போதாவது வருவது. நான் கொண்டுபோனது பெரியப்பா வைத்திருந்த டயானா ஏர் ரைபிளின் கட்டை, பீச் மரம். பல வருடம் பரணில் கிடந்து, கை பிடிக்கும் இடமெல்லாம் கறுத்து, மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது.

கட்டையை மட்டும் கழற்றி எடுத்துப் போனேன். 4.5 மி.மீ. துளையும் 20 ஜூல் சக்தியும் தாண்டாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லைதான், ஆனால் அதை ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து பக்கத்துப் பயணிக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் என்றால் பேச்சே இல்லை. இரும்புப் பாகம் இந்த மாதிரி பட்டறைப் பக்கமே வரக்கூடாது, அதற்கு உரிமம் பெற்ற ஆயுதக் கடைதான்.

சரி, வேலைக்கு வருவோம். எனக்கு முதலில் பிடித்தது, மேஸ்திரி எடுத்தவுடன் உப்புத்தாளைக் கையில் எடுக்கவில்லை என்பது. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு அடிப்பக்கத்தில் ஒரு ஓரமாகத் தேய்த்துப் பார்த்தார். பிசுபிசுவென்று இளகியது. “அரக்கு பாலிஷ் தம்பி, துணியிலயே வந்துடும்” என்றார். வந்துவிட்டது. தேய்த்தே எடுக்கிறவர்கள் மரத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடுவார்கள், இரும்பு உட்காரும் விளிம்பில் மரம் இறங்கிவிட்டால் திரும்பப் பூட்டும்போது படி படியாகத் தெரியும், முத்திரை ஏதாவது இருந்தால் அதுவும் போச்சு. கைப்பிடியில் ஊறியிருந்த எண்ணெய் அழுக்கு டர்பன்டைனில் முக்கால்வாசி போனது, மிச்சம் இருக்கிற கறுப்பு இருக்கட்டும், அது பெரியப்பா கை.

அப்புறம் இஸ்திரிப் பெட்டி. கட்டை நெடுக சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தன, எங்கேயோ இடித்த அடி. ஈரத்துணியைப் பள்ளத்தின் மேல் போட்டு இஸ்திரிப் பெட்டியை ஒரு நொடி வைத்து எடுக்கிறார், ஆவி உள்ளே போய் நசுங்கிக் கிடந்த நார் உப்பி மேலே வந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த வித்தைதான், ஆனால் இவருக்கு இருக்கிற கைப்பக்குவம் எனக்கு வராது, நான் செய்தால் மரம் கருகும். நார் அறுந்துபோன வெட்டுக்காயம் மட்டும் இதற்கு மசியாது. அதற்கு “மக்கு வைக்கட்டுமா?” என்று, அதாவது பள்ளத்தை அடைக்கும் பசை பூசட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். கடைசியாக 240, 320 நம்பர் உப்புத்தாள், ரேகை ஓடும் திசையிலேயே, லேசாக.

சண்டை இதற்குப் பிறகுதான். “எண்ணெய் தடவினா யாரு தம்பி பார்ப்பாங்க? மெலமைன் அடிச்சுத் தரேன், முகம் தெரியும்.” மெலமைன் வார்னிஷ் மேலே படலமாகத்தான் நிற்கும், ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது பெரும்பாடு. அரக்கு பாலிஷோ நம் ஊர் வியர்வையில் வெளுத்துப்போகும். எண்ணெய் என்றால் கீறல் விழுந்த இடத்தில் இன்னொரு சொட்டு விட்டுத் தேய்த்தால் முடிந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 லீ-என்ஃபீல்டு ரைபிள் கட்டைகளுக்கே ஆளிவிதை எண்ணெய்தான் (லின்சீட் ஆயில்) ஊட்டினார்கள், அதுவும் பச்சை எண்ணெய், அதாவது காய்ச்சாதது. நமக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, பச்சை எண்ணெய் காய நாள்கணக்கில், சமயத்தில் வாரக்கணக்கில் இழுக்கும், ‘டபுள் பாயில்டு’ லின்சீட் ஆயில் வாங்கினால் சீக்கிரம் காய வைக்கும் மருந்து அதிலேயே கலந்திருக்கும். அதைப் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து முதல் கோட்டிங், ஊறியதும் மேலே நிற்பதைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும்.

இங்கேதான் பட்டறை சொதப்பியது. மழைக்காலம், முதல் கோட்டிங்கே காயாதபோது அடுத்ததைக் கனமாகத் தடவி அப்படியே விட்டுவிட்டார்கள், கையில் வாங்கும்போது பலாப்பிசின் கணக்காக ஒட்டியது. வீட்டில் டர்பன்டைன் துணியால் துடைத்து நானே திரும்பப் போட்டேன். இப்போது பார்க்க அருமையாக இருக்கிறது, பீச் மரத்துக்கே உரிய அந்தப் பொடிப் பொடிக் கோடுகள் தேன் நிறத்தில் தெரிகின்றன.

இன்னொன்று, எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் குவித்து வைத்திருக்கிறார்கள், பக்கத்திலேயே ஸ்பிரிட் கேன். லின்சீட் ஆயில் காயும்போது சூடாகும், குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீரில் முக்குங்கள் என்று சொன்னேன். “இத்தினி வருஷம் ஒண்ணும் ஆவல” என்று சிரித்தார். இதற்கு மட்டும் ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

கூலி 1,200 ரூபாய், பேரம் பேசவில்லை, பள்ளம் எடுத்த வேலைக்கே அது தகும். ஐந்துக்கு மூன்றரை. மழை விட்ட பிறகு போங்கள், எண்ணெய் டப்பாவையும் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், அவரிடம் இருக்கும் டப்பாவில் இருப்பது பச்சையா காய்ச்சியதா என்று அவருக்கே தெரியவில்லை.