அப்பாவுக்கு வாங்கிய போர்வீல்: டொயோட்டா ரெய்ஸ் பற்றி ஒரு மதிப்பீடு

என் அப்பாவுக்கு 74 வயது. வீடு மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடியில், வயல் வெல்லாவெளிக்கு அப்பால். பெரும்போகம் தொடங்கிவிட்டால் வாரத்தில் மூன்று நாட்களாவது பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய், வட்டையை, அதாவது வயல்வெளியை, ஒரு சுற்றுப் பார்த்து, வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானையாரோடு தண்ணீர்க் கதை பேசிவிட்டு வராவிட்டால் அவருக்கு நித்திரை வராது. இரண்டு வருடங்களுக்கு முன்பு கிறவல் வீதியில் மோட்டார் சைக்கிளோடு விழுந்த பிறகு அதன் சாவியை நாங்கள் ஒளித்து வைத்தோம். வீட்டில் இருந்த பழைய கார், மழைக்காலத்தில் வயிற்றை உரசிக்கொண்டு பாதி வழியிலேயே நின்றுவிடும். ஆகவே பிள்ளைகள் மூவரும் சேர்ந்து அவருக்கு ஒரு சிறிய போர்வீல், அதாவது நான்கு சக்கரங்களும் இழுக்கும், ஜீப் வாங்குவதென்று தீர்மானித்தோம். தேடியது எட்டு மாதம். வாங்கி ஓட்டியது ஒரு பெரும்போகம் முழுவதும். இதே தேவையோடு விசாரிப்பவர்கள் எங்கள் பகுதியில் பலர் இருப்பதால், கண்டதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தொடக்கத்தில் எங்கள் யோசனை முழுவதும் இயந்திரத்தைப் பற்றியதாகவே இருந்தது. எத்தனை சீசீ, தரையிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் உயரம், எது சேற்றில் புதையாமல் போகும் என்பவற்றையே அண்ணனும் நானும் இரவிரவாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தோம். அதில் ஏறி இறங்கப் போகிறவர் வலது முழங்கால் தேய்ந்த ஒரு மனிதர் என்பதும், அவர் பக்கத்தில் எப்போதும் அமரப் போகிறவர் ஐந்தடிக்கும் குறைந்த, சேலை உடுத்தும் எங்கள் அம்மா என்பதும் அந்தப் பேச்சில் வரவேயில்லை. கல்முனையில் ஒரு நண்பரின் வீட்டு வாசலில்தான் அது எங்களுக்கு உறைத்தது.

அங்கே நாங்கள் பார்க்கப் போனது சுசுகி ஜிம்னி, 2018இல் வெளிவந்த நான்காம் தலைமுறை வண்டி. என் மனதில் முதலிடம் அதற்கே இருந்தது. தரையிலிருந்து 210 மில்லிமீற்றர் உயரம், ஏணிச் சட்டகம், மெதுவேகக் கியர் என்று சேற்றுக்கு வேண்டிய எல்லாம் அதில் உண்டு. அம்மா ஒரு கையால் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் கதவைப் பற்றி, ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு மற்றக் காலைத் தூக்க முடியாமல் அப்படியே நின்றார். பிறகு காலை எடுத்துக் கீழே வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "இதில ஏற எனக்கு ஏலாது மனே, நீங்க போயிற்று வாங்க" என்றார். அப்பா ஏறினார், ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தன்னை மேலே இழுத்துக்கொண்டுதான் ஏறினார். பின் ஆசனத்துக்குப் போக வேண்டுமானால் முன் ஆசனத்தை மடிக்க வேண்டும், ஏனெனில் பக்கக் கதவுகள் இரண்டே. 2023இல் இந்தியாவில் ஐந்து கதவு ஜிம்னி வந்தது உண்மைதான், ஆனால் கதவு கூடியதால் படி தாழ்ந்துவிடவில்லை.

ஜிம்னியை விட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை ஏறும் உயரத்தைவிடவும் முக்கியமாகக் கருதுகிறேன். அதில் நான்கு சக்கர இழுவையை ஓட்டுநர்தான் நெம்புகோலால் போட வேண்டும், அவர்தான் எடுக்கவும் வேண்டும். முன், பின் அச்சுகளுக்கு நடுவே வேக வித்தியாசத்தைச் சமப்படுத்தும் பல்லமைப்பு இல்லாததால், அதைப் போட்டபடியே காய்ந்த காபட் வீதியில் வளைத்தால் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கும். ரயரும் தேயும், பல்லும் தேயும். வட்டையில் போட்ட நெம்புகோலைப் பட்டிருப்புப் பாலத்தில் ஏறும்போது எடுக்க அப்பா மறந்துவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இருபது வயது இளைஞன் விரும்பி வாங்கும் அந்த நெம்புகோல், முதியவருக்கு நினைவில் வைக்க வேண்டிய இன்னொரு வேலை.

அடுத்துப் பார்த்த கிராண்ட் விட்டாராவில் இந்தச் சிக்கல் இல்லை. 2005இல் வந்த அந்தத் தலைமுறையில் நான்கு சக்கரங்களும் எப்போதும் இழுக்கும், மெதுவேகக் கியரும் பூட்டும் வசதியும் வேண்டுமானால் தனியே இருக்கும். இரண்டு லீற்றர் இயந்திரத்தின் பெற்றோல் செலவையும், உதிரிச் சக்கரத்தைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் திறக்கும் பின்கதவின் பாரத்தையும் பார்த்து விட்டுவிட்டோம். பழைய டைஹட்சு டெரியோஸும் எப்போதும் நான்கு சக்கரத்தில் ஓடுவது, நடுப் பல்லமைப்பைப் பூட்ட ஒரு பொத்தான் உள்ளது, அளவாலும் சிறியது. எனக்கு இன்றும் அதன் மீது மதிப்புண்டு. ஆனால் இருபது வயதைத் தாண்டிய வண்டியை 74 வயதுக்காரரிடம் கொடுத்துக் கைபேசிச் சமிக்ஞை கிடைக்காத வட்டைக்கு அனுப்ப மனம் வரவில்லை. ஹொண்டா வெசலை அப்பாவே வேண்டாம் என்றார், தரையோடு பதிவாக இருக்கிறதாம்.

இப்படிக் கழித்துக் கழித்து வந்து நின்ற இடம்தான் டொயோட்டா ரெய்ஸ். அதன் தரை உயரம் 185 மில்லிமீற்றர். ஜிம்னியைவிடக் குறைவுதான், எனினும் பழைய கார் உரசிய அதே மேட்டை உரசாமல் தாண்டுகிறது. எங்களுக்கு முடிவைச் சொன்னது ஆசனத்தின் உயரம். அப்பா கதவருகே முதுகைக் காட்டி நின்றால் ஆசனத்தின் விளிம்பு அவருடைய தொடையின் பின்பக்கத்துக்கு நேராக வருகிறது. குனியாமலும் எம்பாமலும், கதிரையில் அமர்வதுபோல் அமர்ந்து, இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்கிறார். அம்மாவுக்கும் அதே வழக்கம் பிடிபட்டுவிட்டது. வாங்கப் போகும் எவரும், வண்டியை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பு, பெற்றோரைக் கூட்டிப் போய்ப் பத்துத் தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, பத்தாவது தடவையில்தான் முழங்கால் உண்மையைச் சொல்லும்.

வாங்கும் வழியில் ஒரு பள்ளத்தில் விழப் பார்த்தோம். 2019 நவம்பரில் ஜப்பானில் ரெய்ஸ் அறிமுகமானது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறக்கும்வரை, அந்தச் சில மாதங்களில் வந்த வண்டிகளே சந்தையில் கைமாறிக்கொண்டிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை முன்சக்கரம் மட்டும் இழுப்பவை. தோற்றத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஒரு விற்பனையாளர் "இது போர்வீல்தான் தம்பி, நம்பி எடுங்க" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன வண்டியின் பின்னால் நான் முழந்தாளிட்டு, கைபேசி வெளிச்சத்தைக் கீழே அடித்துப் பார்த்தேன். பின் அச்சின் நடுவில் இருக்க வேண்டிய பல்லமைப்புக் குண்டும் இல்லை, அதற்கு வரும் நீளத் தண்டும் இல்லை. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கீழே குனிய முடியாதவர்கள் அடிச்சட்டக இலக்கத்தைப் பார்க்கலாம்: ஒரு லீற்றர் டர்போ ரெய்ஸில் ஏ200ஏ என்று தொடங்கினால் இருசக்கர இழுவை, ஏ210ஏ என்று தொடங்கினால் நாற்சக்கர இழுவை. 2021 இறுதியில் வந்த 1.2 லீற்றர் வண்டியிலும் ஹைபிரிட்டிலும் நாற்சக்கர இழுவை கிடையாது.

நாங்கள் எடுத்தது ஏ210ஏ, ஜீ தரம். உயர்தரமான இசட் வண்டியின் 17 அங்குலச் சக்கரம் பார்வைக்கு எடுப்பாக இருந்தாலும், ஜீ தரத்தின் 16 அங்குலச் சக்கரத்தில் ரயரின் பக்கச்சுவர் தடித்திருப்பதால் கிறவல் கல் குத்தும்போது அதிர்வு குறைகிறது. திரும்பும் அரைவிட்டமும் 4.9 மீற்றர்தான். வாய்க்கால் கட்டில் எதிரே உழவு இயந்திரம் வந்து, பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டிய நேரத்தில் இந்த எண்ணின் பெறுமதி விளங்கும். நான்கு மீற்றருக்குள் அடங்கிய நீளம் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாகனங்களை ஏற்றிப் போகும் படகுப்பாதையில் ஏற்றும்போதும் நிம்மதி தருகிறது.

இதன் நாற்சக்கர இழுவை தானாக இயங்குவது. சாதாரணமாக முன்சக்கரங்கள் இழுக்கும். வழுக்குவதை உணர்ந்தால் மின்னணுக் கட்டுப்பாடு பின்சக்கரங்களையும் சேர்த்துக்கொள்ளும். அப்பா எதையும் போடவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். ஆனால் இது களிமண்ணை வெல்லும் மந்திரம் அல்ல என்பதை முதல் மழையிலேயே கற்றுக்கொண்டோம். வந்தபடியே இருந்த பழைய, தேய்ந்த ரயர்களோடு நான் வட்டைப் பாதையில் இறங்கினேன். ஐம்பது யார் தூரம் போவதற்குள் ரயரின் வெட்டுகளில் களி நிரம்பி, நான்கு சக்கரமும் ஒன்றாகச் சுழன்று, வண்டி நண்டுபோல் பக்கவாட்டில் வாய்க்காலை நோக்கி நகர்ந்தது. உழவு இயந்திரம் வந்து இழுத்தது. பிழை முழுவதும் என்னுடையது. ஆழ்ந்த வெட்டுள்ள ரயர் நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றிய பிறகு அதே பாதையில் அப்பா போய் வருகிறார். ஒன்றிரண்டை மட்டும் மாற்றிச் சிக்கனம் பார்க்கக் கூடாது, சுற்றளவு வேறுபட்டால் இவ்வகை இழுவையின் இணைப்புப் பகுதி ஓயாமல் உழைத்துச் சூடாகும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சக்கரம் வழுக்கும்போது வண்டி தானே இயந்திர வலுவைக் குறைத்துவிடும்; காபட் வீதியில் அது பாதுகாப்பு, சுரிச் சேற்றில் அதுவே இடைஞ்சல். அந்நேரத்தில் அதை நிறுத்த ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரே மாதிரியான பொத்தான்களுக்குள் அப்பாவுக்கு அது எப்போதும் குழம்பியது. அம்மா தன் நெற்றியில் இருந்த ஒட்டுப் பொட்டை எடுத்து அதன்மேல் ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து "பொட்டை அமத்துங்க" என்றால் அப்பாவுக்குப் புரிகிறது.

முதியவர் ஓட்டும் வண்டி என்ற வகையில் நான் மிகவும் மதிப்பது, முன்னால் தடை இருக்கும்போது பிறேக்குக்குப் பதிலாக ஆக்சிலேற்றரை மிதித்துவிட்டால் அதைக் கட்டுப்படுத்தும் உதவியமைப்பை. ஜப்பானில் முதியோர் மிதியை மாற்றி மிதித்து நேர்ந்த விபத்துகளே இவ்வசதியை அங்கே பரவலாக்கின. எல்லா ரெய்ஸிலும் இது இருக்கும் என்று நம்பிவிடாமல் கேட்டு உறுதிசெய்து எடுங்கள்.

வெள்ளத்தைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் எங்கள் ஊரில் போர்வீல் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் மனதில் நினைப்பது அதைத்தான். மார்கழி மழையில் வெல்லாவெளி – மண்டூர் வீதிக்கு மேலால் தண்ணீர் பாய்வது புதிதல்ல. ரெய்ஸின் எடை ஒரு தொன்னைச் சற்றே தாண்டியது. அடியில் ஓட்டத் தண்ணீர் பிடித்தால் நான்கு சக்கரமும் தரையைத் தொடாத நிலை வெகு விரைவில் வந்துவிடும், தொடாத சக்கரத்தால் எதை இழுக்க முடியும்? 2024 நவம்பரில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் இழுத்துச் சென்றது ஓர் உழவு இயந்திரத்தை, இதைவிட உயர்ந்த சக்கரங்கள் கொண்டதை. அதில் இருந்த மதரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். அப்பாவிடம் சாவியைக் கொடுத்த நாளிலேயே, வீதியின் வெள்ளைக் கோடு தெரியாத தண்ணீரில் வண்டியை இறக்குவதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்டோம். பொழுது படுமுன் பாலத்தைத் தாண்டி வந்துவிட வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தது, படுவான்கரையில் மாலைக்குப் பிறகு வீதிக்கு வரும் யானைக்கு எந்த வண்டியும் ஒன்றுதான்.

குறைகளும் இருக்கின்றன. 996 சீசீ மூன்று சிலிண்டர் டர்போ நின்ற நிலையில் மெல்ல நடுங்கும். அதற்கு எண்ணெய் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. மெதுவேகக் கியர் இல்லை. ஜப்பானியச் சோதனைக் கணக்கில் லீற்றருக்கு 17.4 கிலோமீற்றர் என்பது வட்டைப் பாதைக்குப் பொருந்தாத கணக்கு. பின் இழுவைப் பாகங்கள் இடம் பிடிப்பதால் பொருள் வைக்கும் தட்டின் கீழறை இருசக்கர வண்டியைவிட ஆழம் குறைந்தது. இந்த வண்டியைத் தயாரிக்கும் டைஹட்சு, ரெய்ஸ் ஹைபிரிட்டின் பக்கவாட்டு மோதல் சோதனையில் முறைகேடு நடந்ததை 2023 மே மாதத்தில் ஒப்புக்கொண்டது. நாங்கள் எடுத்தது ஹைபிரிட் அல்ல என்றாலும், அறிந்துகொண்டுதான் எடுத்தோம். பிறகு அந்தக் குரல்: ஒவ்வொரு தடவை இயந்திரத்தை இயக்கத் தொடங்கும்போதும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். நெடுஞ்சாலைக் கட்டண அட்டை செருகப்படவில்லை என்பதுதான் அதன் பொருள். முதல் கிழமை முழுவதும் அம்மா அதற்கு "ஓம் பிள்ள" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாகரைப் பக்கம் கடற்கரை மணலில் நாளாந்தம் ஓட வேண்டியவர், அல்லது முழங்கால் இன்னும் உறுதியாக உள்ளவர், ஜிம்னியையே எடுக்கட்டும். எங்கள் அப்பாவின் வட்டைக்கும் காலுக்கும் ரெய்ஸ் போதும். ஓட்டுநர் பக்கத்தில் பற்றி எழுவதற்குப் பிடி இல்லாத குறையை மட்டும் இன்னும் தீர்க்கவில்லை. ஊர்க் கராஜ்காரர் கதவுச் சட்டத்தில் ஒன்று பொருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அறுவடை முடியட்டும் என்று அப்பா வண்டியைக் கொடுக்க மறுக்கிறார்.