தண்டலம்மா போகும் தஸ்கா

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிள்ளையைப் பகலில் விட்டுவிட்டுப் போக நல்ல தஸ்கா (குழந்தைப் பராமரிப்பு மையம்) எது என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். இடத்தின் பெயரைப் போடவில்லை. நடத்துகிற அக்காவிடம் கேட்டேன், "பேரைப் போட்டா ஆளுங்க வருவாங்க தம்பி, இடமில்லைன்னு நான்தானே மூஞ்சியைப் பார்த்துச் சொல்லணும்" என்றார். நியாயம்தான். வேண்டியவர்கள் என்னிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

பட்டணத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) ஒரு மூலை வீடு. முன்னால் கம்பி வேலி, உள்தாழ்ப்பாள் போட்ட கேட், வராந்தாவில் ரப்பர் பாய். பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். இதை முதலில் பாருங்கள். 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டப்படி, நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ பார்த்துக்கொள்ளும் இடம் சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். பத்துக்குக் குறைவான பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்தால் அது வீட்டுத் தஸ்கா; இது அந்த வகை. பதிவு இருந்தால் உங்களுக்கும் இலாபம் உண்டு. கட்டிய கட்டணத்துக்கு, வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து 3,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கழிவு கேட்கலாம். அதனால் மாதாமாதம் ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். என் மனைவி ஈப்போவில் தாதி, நான் இங்கேயே ஒரு லாரிப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது சின்னக் காசு இல்லை.

மாதம் 350 வெள்ளி. காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை. பெம்பர்ஸ் (டயப்பர்), மாற்றுத் துணி, பால் மாவு எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும். சாப்பாடு அவர்களுடையது. சுத்தம், காற்றோட்டம், கழிவறை, எதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சரி, இதெல்லாம் ஒரு தரம் போய்ப் பார்த்தாலே யாருக்கும் தெரிந்துவிடும். நான் பார்ப்பது வேறு. என் பிள்ளையின் குணம் இவர்களுக்குத் தெரிந்திருக்கிறதா?

மகளுக்கு ஒரு வயது முடிந்ததும் எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. ஒரு வயதுக்குள் என்றால் மூன்று பிள்ளைக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும் என்பது விதி. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் வந்துவிட்டால் ஐந்து பிள்ளைக்கு ஒருவர் போதும். நடக்க ஆரம்பித்து, எதையும் வாயில் போட்டு, எங்கேயும் ஏறப் பார்க்கிற வயதில்தான் பார்க்கிற கண்ணும் குறைகிறது! சட்டம் எழுதியவர்கள் வீட்டில் ஒரு வயதுப் பிள்ளை இல்லைபோல என்று நினைத்துக்கொண்டேன். இங்கே அந்தப் பயத்தைப் போக்கியது ஒரு பட்டப்பெயர்.

காலையில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் மகள் நேராக உள்ளே போக மாட்டாள். வாசற்படியில் நின்று, இடக்கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, வலக்கை விரலால் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சுட்டுவாள். "ஆ... ஆ... ஆ..." கடைசிப் பிள்ளையையும் சுட்டி முடித்த பிறகுதான் காலெடுத்து வைப்பாள். யாராவது வரவில்லை என்றால் அந்த இடத்தில் விரல் நின்றுவிடும். திரும்பி என்னைப் பார்ப்பாள், நான்தான் ஒளித்து வைத்த மாதிரி. அக்காவின் அம்மா எழுபதைத் தாண்டியவர், வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். இவள் நிற்கிற நிலையைப் பார்த்து, "பெரட்டு எடுக்கிறா பாரு! வாங்க தண்டலம்மா, ஆளெல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பெரட்டு என்றால் ஆள் கணக்கெடுப்பு; விடியுமுன் பெரட்டுக் களத்தில், வேலையை மேற்பார்க்கும் தண்டல் ஆள் எண்ணிப் பார்த்துத்தான் மர நிரைக்கு அனுப்புவார்.

அந்தப் பாட்டி அந்தக் காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் ஆயா. ஆயா கொட்டகையில் விட்டத்துக்கு விட்டம் கைலித் தொட்டில் கட்டியிருக்கும், தாய்மார்கள் இருட்டோடு வந்து பிள்ளையைப் போட்டுவிட்டுப் பால் வெட்டப் போவார்கள் என்று சொல்வார். என் அக்காவும் அப்படி ஒரு கொட்டகையில் கிடந்தவள்தான். அப்போது ரப்பர், இப்போது அந்தப் பக்கமெல்லாம் செம்பனை. பாட்டிக்கு இப்போது தஸ்காவில் எந்தப் பொறுப்பும் இல்லை, ஆனால் எந்தப் பிள்ளை எதற்கு அழுகிறது என்று பார்க்காமலே சொல்லிவிடுகிறார். இந்தச் சேவைக்குத் தனியாகக் கட்டணம் கிடையாது.

இனி, புத்தகம். இந்தத் தஸ்காவில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தினமும் ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் அன்றைய கதையை எழுதி பையில் வைத்துவிடுவார்கள். செயலி, புகைப்படம் ஒன்றும் இல்லை. போன வாரத்துப் பக்கம் ஒன்று: "10.00 கஞ்சி, முழுக்க. 10.15 பக்கத்துப் பிள்ளையின் கஞ்சி, இரண்டு கரண்டி. 11.40 தூக்கம். 1.10 எழுந்தாள், அழவில்லை, பல்லியோடு பேசினாள். 3.00 பப்பாளி. பாதியை எனக்கு ஊட்டினாள், பிறகு திருப்பிக் கேட்டாள்."

இதைப் படித்துவிட்டு நானும் மனைவியும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அவள் அப்படியேதான். பிஸ்கட்டைக் கடித்து, நன்றாக ஊறவைத்து, நம் வாய்க்கு நேராக நீட்டுவாள். வாயைத் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் கோபம் வரும். திறந்தால், உதட்டில் படுகிற நேரத்தில் வெடுக்கென்று இழுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வாள். கொடுத்த புண்ணியமும் அவளுக்கே, பிஸ்கட்டும் அவளுக்கே. தாத்தாவிடம் மட்டும் முழுசாகக் கொடுத்துவிடுகிறாள். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று நான் இதுவரை கேட்கவில்லை.

பல்லிப் பேச்சும் உண்மைதான். டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் பல்லியைக் கண்டால் கழுத்தை அண்ணாந்து நாக்கால் 'த்ச்சு த்ச்சு' என்பாள். அது பதில் சொன்னால் கைதட்டுவாள், பேசாமல் இருந்தால் குரலை உயர்த்துவாள். ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தால் எங்கே நின்றாலும் முழங்காலை மடக்கி மடக்கி ஓர் ஆட்டம். பூஜையில் சூடம் காட்டினால் கும்பிடுவாள், கும்பிட்ட கையோடு வாயைக் குவித்து ஊதுவாள். பிறந்தநாளுக்கு மெழுகுவர்த்தி ஊதக் கற்றுக்கொடுத்ததன் பலன். டாட்டா காட்டுவதிலும் ஒரு தாமதம் உண்டு. நாம் கையசைக்கும்போது வெறித்துப் பார்ப்பாள். காரைக் கிளப்பி, முனை திரும்பிய பிறகு யாருமில்லாத ரோட்டைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருப்பாளாம். இது எனக்குத் தெரியவே தெரியாது. எப்படித் தெரியும், நான்தான் போய்விட்டிருப்பேனே. புத்தகத்தில் "7.05 அப்பாவுக்கு டாட்டா (அப்பா இல்லை)" என்று படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்படி எழுதுகிற அளவுக்கு ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால், ஒருவருக்கு மூன்றா ஐந்தா என்ற கணக்கை நான் விட்டுவிட்டேன்.

சாப்பாடு பெரும்பாலும் கஞ்சிதான்: பருப்பு, கேரட், சில நாள் முருங்கைக்கீரை, சில நாள் நெத்திலியை வறுத்துப் பொடித்துத் தூவியது. கையாலேயே தின்னவிடுகிறார்கள். துணி நாசமாகும், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். மகள் கேரட்டை மட்டும் விரலால் நசுக்கிப் பார்த்து, நசுங்கினால் சாப்பிடுவாள், நசுங்காவிட்டால் கீழே வைத்துவிடுவாள். இதைக் கவனித்து அவளுக்கு இன்னும் கொஞ்சம் வேகவைத்துத் தருகிறார்கள். தூக்கம் தொட்டிலில் இல்லை, தரையில் மெத்தை. முதலில் அடம்பிடித்தாள், வீட்டில் ஸ்ப்ரிங் தொட்டில் ஆட்டிப் பழக்கியது நாங்கள். அக்கா, "உங்க வீட்டுப் பாட்டி கட்டின பழைய கைலித் துண்டு ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கினார். அதன் ஓரத்தை மூக்கின்கீழ் வைத்துத் தேய்த்துக்கொண்டே தூங்கிவிடுகிறாள். துவைத்துக் கொடுத்தால் இரண்டு நாள் ஏற்றுக்கொள்ள மாட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு முன் வேறோர் இடத்தில் கொஞ்ச காலம் விட்டிருந்தோம். நாள் முழுக்க டிவி ஓடும். பிள்ளைகளை சக்கரம் வைத்த வாக்கரில் உட்காரவைத்து அதன் முன்னால் வரிசையாக விட்டுவிடுவார்கள். அந்த வாக்கர் விற்பனையை கனடா 2004இலேயே தடை செய்துவிட்டது. ஒரு வயதுப் பிள்ளைக்கு டிவி, கைப்பேசி எதுவும் வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில் இருக்கிறது. அங்கே மகளுக்கு ஒரு குறையும் இல்லை, சத்தமே போடுவதில்லை என்று புகழ்ந்தார்கள். எங்கள் மகளா, சத்தம் போடாமலா? அப்போதே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

இந்தத் தஸ்காவிலும் எனக்குப் பிடிக்காதவை உண்டு. ஞாயிறும் பொது விடுமுறையும் மூடிவிடுவார்கள். ஷிப்ட் வேலை பார்க்கிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. தைப்பூசத்தன்று மனைவிக்கு வேலை இருந்ததால் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பால்குடம் பார்க்கப் போனது நான்தான். ஆறரையைத் தாண்டினால் ஐந்து வெள்ளி, அதில் முகதாட்சண்யம் கிடையாது. ஒரு பிள்ளைக்குக் கை, கால், வாய் நோய் வந்தால் எல்லாருக்கும் லீவு. அது சரியான காரியம் என்று தெரியும், ஆனாலும் முதலாளியிடம் போய் நிற்பது நான் அல்லவா. எங்கள் வீட்டு ஸ்பூன் இரண்டு, ஒரு காலுறை, டிவி ரிமோட் ஒன்று அவர்கள் வீட்டில் எங்கேயோ இருக்கின்றன. அதில் தஸ்காவின் தவறு இல்லை. தண்டலம்மா எதையும் பையில் போடுவாள், எங்கே கண்டாலும் எடுத்து வேறெங்காவது வைப்பாள். பதிலுக்கு அங்கிருந்த ஒரு கரண்டி என் வேலைச் சப்பாத்துக்குள் இருந்தது.

நான்கு வயதாகிற இரண்டு பிள்ளைகள் ஜனவரியில் தாடிக்காவுக்கு (பாலர் பள்ளிக்கு) போகிறார்கள், அப்போது இடம் காலியாகும். ஒரு வயதுக்குக் கீழ் இப்போதைக்கு எடுப்பதில்லை. பார்க்கப் போகிறவர்கள் காலை பத்து மணிவாக்கில், கஞ்சி நேரத்தில் போங்கள். பிள்ளைகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரியும். கிளினிக் புத்தகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள், 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போட வேண்டிய எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா) ஊசி போட்டாயிற்றா என்று அக்கா முதலில் அதைத்தான் பார்ப்பார். காரை லொங்கான் (சாக்கடை) ஓரத்தில் நிறுத்தாதீர்கள், மூடி ஒன்று உடைந்து கிடக்கிறது.