நெல் தாள்: கொளுத்துவதா, மடக்கி உழுவதா?

மதுரை மாவட்டத்தின் மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் அறுவடை இயந்திரம் வயலை விட்டு இறங்கியதுமே, வயலில் மிஞ்சும் தாளையும் வைக்கோலையும் என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது.

செலவு: கொளுத்த ஒரு தீக்குச்சி போதும். உழ டிராக்டர் வாடகை வேண்டும்.

நேரம்: தீ ஒரே நாளில் வேலையை முடித்துவிடும். உழுத தாள் மட்க ஈரத்தோடு இரண்டு, மூன்று வாரமாகும். அவசரப்பட்டு நட்டால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்து பயிர் வெளுக்கும்.

மண்: ஒரு டன் வைக்கோலில் 5 கிலோவுக்கு மேல் தழைச்சத்து இருக்கிறது. கொளுத்தினால் பெரும்பகுதி புகையோடு போய்விடும். உழுதால் வயலிலேயே தங்கும்.

மூச்சு: எனக்கு இதுவே முதல் கணக்கு. புகையிலுள்ள 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் காற்றறை வரை இறங்கி ரத்தத்திலும் கலக்கின்றன. தை மாதப் பனியில் புகை மேலெழாமல் தெருவிலேயே படிகிறது. ஆஸ்துமா உள்ள குழந்தையும் இதயநோய் உள்ள முதியவரும் இரவெல்லாம் அதைத்தான் சுவாசிக்கிறார்கள். உழவிலும் ஒரு குறை உண்டு: உடனே நீரைத் தேக்கினால், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு கூடும்.

மூன்று வாரம் இடைவெளி இருந்தால் மடக்கி உழுங்கள். இல்லையென்றால் வைக்கோலை இயந்திரத்தால் உருளைக்கட்டாகக் கட்டி மாடு வளர்ப்பவருக்கு விற்றுவிடுங்கள். குடியிருப்பை ஒட்டிய வயலில் தீ வைக்கவே வேண்டாம்.