ஹைத்தில் நடக்கக் கால்வாயா, கடலோரமா?

ஊரில் டாக்டர் அம்மாவிடம் சொல்லி அனுப்பியது ஒரே வரி: “நல்லா நடங்க, ஆனா ஏறாதீங்க.” இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மூன்று மாதம் எங்களோடு இங்கிலாந்தின் ஆஷ்ஃபோர்டில் இருக்க வந்தவரை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் காலோடு சேர்ந்து மனசும் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரக் கார் தூரத்தில் ஹைத் இருக்கிறது. அங்கே ராயல் மிலிட்டரி கால்வாய், அதை ஒட்டியே கடல். அந்தக் கோடையில் நாங்கள் நான்கு வழிகளை நடந்து பார்த்தோம், சிலவற்றைப் பல தடவை. என் ஓட்டு கால்வாய்க்குத்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடல் தெரியாத நடையெல்லாம் ஒரு நடையா என்று கேட்பவர்களுக்கும் கீழே இடம் இருக்கிறது.

நான்குமே சமதளம், நான்குக்கும் கட்டணம் கிடையாது. காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இங்கிலீஷ் சேனல் கடலின் கரை எந்தப் பக்கம் பார்த்தாலும் அழகுதான். வேறுபாடு வேறு இடத்தில் இருந்தது. ஆரம்பத்தில் அது எனக்குப் பிடிபடவில்லை.

முதலில் போனது ஹைத்தின் கிழக்கே ஒட்டியிருக்கும் சீப்ரூக்கிலிருந்து சாண்ட்கேட் வழியாக ஃபோக்ஸ்டன் துறைமுகம் வரை, முழுக்கக் கடலோரம். சுமார் 5 கிலோமீட்டர், பெரும்பாலும் கான்கிரீட் நடைபாதை. வழியில் எட்டாம் ஹென்றி 1539இல் கட்டத் தொடங்கிய சாண்ட்கேட் கோட்டை அலைக்கு முகம் காட்டிக்கொண்டு நிற்கிறது. கடைசியில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் துறைமுகக் கையில் உட்கார்ந்து எதையாவது கொறிக்கலாம். கால் நன்றாக இருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். எங்களுக்கு நடந்தது வேறு. பாதி தூரத்தில் அம்மாவின் வலது முழங்கால் மக்கர் செய்தது. திரும்பினாலும் இரண்டரை கிலோமீட்டர், முன்னே போனாலும் அதே இரண்டரை. மரம் ஒன்றுகூட இல்லாத இடம், எதிர்க்காற்று புடவையைச் சுருட்டி அடிக்கிறது. சாலைக்கு ஏறி வந்து பஸ்ஸுக்கு நின்றோம். அது வருவதற்குள் அம்மா, “என்னால உனக்குத்தான் கஷ்டம்” என்று நான்கு தடவை சொல்லிவிட்டார். கால் வலியைவிட அது மோசம்.

வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்றுதான் முதலில் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் பார்த்தேன். பார்க்க வேண்டியது, நினைத்த இடத்தில் நடையை முறித்துக்கொள்ள முடியுமா என்பதை. முட்டி வலி சொல்லிவிட்டு வராது. மூன்று கிலோமீட்டர் நடக்கத் தெம்பிருக்கிறது என்று கிளம்புவோம், ஒன்றரையிலேயே அது தீர்ந்துபோகும். நேர்கோட்டுப் பாதையில் அப்போது மாட்டிக்கொள்வது பாதையின் நடுவில், அதாவது இரண்டு பக்கமும் மிகத் தொலைவான இடத்தில். நட்டாற்றில் விட்டது என்பது இதைத்தான். வட்டமாகச் சுற்றி வருகிற பாதையில், அதிலும் இடையிடையே குறுக்கு வழிகள் இருக்கிற பாதையில், இந்தத் தொல்லை இல்லை. ஐந்தை மூன்றாக்கிக்கொள்ளலாம், மூன்றை இரண்டாக்கிக்கொள்ளலாம். நாம் திரும்பிப்போகிறோம் என்று நடப்பவருக்கே உறைக்காது.

ஹைத்தில் கால்வாய் ஜெயித்தது இதனால்தான். வண்டியை சீப்ரூக் பக்கம் நிறுத்திவிட்டுக் கால்வாய்க் கரையைப் பிடித்து மேற்கே நடந்தால் ஒரு பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் கடல். இரண்டும் கிட்டத்தட்ட இணையாகவே போகின்றன. ஊரை நெருங்கியதும் கடலுக்குத் திரும்ப ட்விஸ் ரோடு, அதைத் தாண்டி லேடீஸ் வாக், அதற்கும் அப்பால் ஸ்டேட் ஸ்ட்ரீட் என்று ஒன்றன்பின் ஒன்றாக வழிகள். எதில் திரும்பினாலும் பத்து நிமிடத்தில் கடற்கரை நடைபாதை. அங்கிருந்து கிழக்கே வந்தால் வண்டி. கடைசி வழியில் திரும்பினால் மொத்தம் 5 கிலோமீட்டரை ஒட்டி வரும். முதல் வழியிலேயே திரும்பினால் அதில் நன்றாகக் குறைந்துவிடும். அம்மா இதற்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். காலை எழுந்து முட்டியை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு லேடீஸ் வாக் வரைக்கும்” என்பார். சில நாள் அங்கே போனதும், “சரி, அடுத்ததையும் பாத்துரலாம்” என்பார்.

லேடீஸ் வாக் என்பது மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பொன்விழா நினைவாக 1810இல் கால்வாயிலிருந்து கடலுக்குப் போட்ட பாதை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் உலாவப் போட்ட குறுக்கு வழி இன்று எங்களுக்கு முட்டிக் காப்பு.

காற்றையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கரையில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் வீசும். மேற்கே போகும்போது அது முகத்தில் அடிக்க வேண்டும், ஆனால் கால்வாய் ஓரத்து மரங்கள் பாதிக்குமேல் வாங்கிக்கொள்கின்றன. திரும்பும்போது திறந்த கடலோரம்தான், ஆனால் அப்போது காற்று முதுகில். தெம்பு குறைந்த நேரத்தில் யாரோ பின்னாலிருந்து லேசாகத் தள்ளிவிடுவதுபோல இருக்கும். இதையே மாற்றிச் சுற்றினால் பாதி சுகம் போய்விடும், ஒரு நாள் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன். கிழக்குக் காற்று அடிக்கிற நாட்களில் மட்டும் ஹைத் பக்கம் வண்டியை நிறுத்தி, கால்வாயோரம் கிழக்கே போய், கடலோரம் மேற்கே திரும்புவோம்.

தரையும் உதவுகிறது. ஊரை ஒட்டிய கால்வாய்ப் பாதை இறுகிய சமதளம், கைத்தடி புதையாது. ஹைத் கடற்கரையோ பெரும்பாலும் கூழாங்கல் பரப்பு. நடைபாதையை விட்டு இரண்டடி இறங்கினாலே கணுக்கால் இப்படியும் அப்படியும் பிரளும். அம்மா ஒரே ஒரு தடவை இறங்கினார், ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு என் தோளைப் பிடித்து ஏறி வந்தார். தட்டையான, நடுவில் வெள்ளை வரி ஓடிய கல். சமையலறை ஜன்னலில் இருக்கிறது.

கால்வாயின் கதை தெரிந்தால் நடை இன்னும் ருசிக்கும். நெப்போலியன் படை இறங்கிவிடும் என்ற பயத்தில் 1804இல் வெட்ட ஆரம்பித்து 1809இல் முடித்தார்கள். சீப்ரூக்கிலிருந்து ஹேஸ்டிங்ஸுக்கு அருகிலுள்ள கிளிஃப் எண்ட் வரை 45 கிலோமீட்டர், நடுவில் கொஞ்ச தூரத்துக்கு ஆறுகளே கால்வாயின் வேலையைப் பார்க்கின்றன. தோண்டிய மண்ணை நிலப்பக்கக் கரையில் மேடாகக் குவித்தார்கள், படை அதன் மறைவில் நின்று சுட வேண்டும். நேராக வெட்டாமல் இடையிடையே ஒரு முறிவு வைத்தார்கள், அங்கே பீரங்கி வைத்தால் நீளவாக்கில் சுடலாம் என்று. பணி முடிவதற்குள் 1805இல் பிரெஞ்சுக் கடற்படை தோற்ற டிரஃபால்கர் போரே முடிந்து, படையெடுப்பு அபாயமும் போய்விட்டது. ரைனையும் டான்யூபையும் தாண்டிய படையை இந்த வாய்க்காலா தடுக்கும் என்று அந்தக் காலத்திலேயே கேலி செய்திருக்கிறார்கள். ஒரு குண்டுகூட வெடிக்காத அந்தப் போர்க் கால்வாயில் இன்று கோடையில் துடுப்புப் படகு வாடகைக்கு விடுகிறார்கள்.

அம்மா மயிலாப்பூரில் பக்கிங்ஹாம் கால்வாய்க்கு இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவர். அதன் சென்னை–எண்ணூர்ப் பகுதியை வெட்டியது 1806இல், ஏறக்குறைய இதே ஆண்டுகளில். பிற்பாடு 1876–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள், அப்போதைய கவர்னர் பெயரையும் வைத்தார்கள். இன்று அதன்மேல் பறக்கும் ரயில் தூண்கள் நிற்கின்றன. இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டு வந்தபோது அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: “மூக்கைப் பிடிக்காம வாய்க்கா ஓரமா நடக்கலாம்னு இந்த வயசுலதான் தெரியுது.” எதிர்க்கரையில் ஒரு சாம்பல் நாரை ஒற்றைக்காலில் நின்றது. பேச்சுச் சத்தத்துக்கு அது கழுத்தைக்கூடத் திருப்பவில்லை.

மூன்றாவது வழி டிம்சர்ச் கடற்சுவர். இதில் எனக்குப் பிடித்தது நடையைவிடப் போகிற வழி. ஹைத்தில் கால்வாய்க்குப் பக்கத்திலேயே குட்டி ரயில் நிலையம் இருக்கிறது. 1927இல் திறந்த ரோம்னி, ஹைத் அண்ட் டிம்சர்ச் ரயில், 15 அங்குல அகலத் தண்டவாளம், நிஜ எஞ்சினில் மூன்றில் ஒரு பங்கு அளவுள்ள நீராவி எஞ்சின்கள். அம்மா குனிந்து ஏறி, முழங்கால் எதிர் இருக்கையில் இடிக்க, சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். டிம்சர்ச்சில் இறங்கிச் சுவர்மேல் நடக்கலாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கடலின் உயர்மட்டத்துக்கும் தாழ்வான ஊர். மார்ட்டெல்லோ கோபுரம் என்கிற, நெப்போலியன் காலத்து வட்டக் காவல் கோபுரம் ஒன்றும் உண்டு. தண்ணீர் வற்றும் நேரத்தில் இங்கேதான் நல்ல மணல் கிடைக்கும், பேரப்பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இது போதும். குறை என்னவென்றால் சுவர்மேல் நிழலும் இல்லை, காற்றுக்கு மறைப்பும் இல்லை. ரயிலும் குளிர்காலத்தில் எல்லா நாளும் ஓடாது, நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஹைத்திலிருந்து கடலோரமாகவே டிம்சர்ச் வரை நடந்துவிடலாம் என்று வரைபடத்தைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். நடுவில் ராணுவத்தின் துப்பாக்கிச் சுடுதளம் இருக்கிறது, செங்கொடி பறந்தால் அந்தப் பக்கம் போக முடியாது.

நான்காவது, வோர்ஹோர்னிலிருந்து ஆப்பிள்டோர் வரை பழைய சின்னங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளை வசமுள்ள கால்வாய்ப் பகுதி, சுமார் 5 கிலோமீட்டர். கால்வாயைக் கால்வாயாகப் பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். மண்மேடு, அதன் முறிவுகள், இரண்டாம் உலகப் போரில் கட்டிய கான்கிரீட் காவல் அறைகள் எல்லாம் கண்முன் கிடக்கின்றன. சுற்றி ஆடுகள், அப்புறம் யாருமே இல்லை. 1930களில் ஹங்கேரியிலிருந்து கொண்டுவந்து விட்ட தவளைகள் இங்குள்ள ரோம்னி சதுப்பு நிலம் முழுக்கப் பெருகிவிட்டன, மே மாதத்தில் அவை கூட்டமாகக் கத்துவது யாரோ நம்மைப் பார்த்துச் சிரிப்பதுபோலவே இருக்கும். ஆனால் பாதை புல்தரை, இடையில் மாட்டுக் கதவுகள், மழைக்கு மறுநாள் சேறு. முறித்துக்கொள்ள வழி மிகக் குறைவு. ரயிலில் வரலாமே என்றால் ஆப்பிள்டோர் நிலையம் ஊரிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. இதை நான் ஒரு தடவைதான் நடந்தேன், அதுவும் அம்மா இல்லாமல், காய்ந்த தரையில். அதனால் என் பேச்சை இங்கே பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹைத் சுற்றையும் அம்மாவோடு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மட்டுமே நடந்திருக்கிறேன். குளிர்காலத்தில் தனியாகப் போனபோது கால்வாய்ப் பக்கம் நன்றாகவே இருந்தது. கடல் பக்கத்தில் அலை கூழாங்கற்களை நடைபாதைமேல் அள்ளிக் கொட்டியிருந்தது. அந்த மாதிரி நாளில் வட்டம் வேண்டாம், கால்வாய் ஓரமாகவே போய்த் திரும்புங்கள். பெஞ்சுகளை எண்ணிக்கொண்டு போனால் எங்கே திரும்புவது என்று முடிவு செய்ய வசதி. அம்மாவுக்கு முதல் வாரத்தில் இரண்டாவது பெஞ்சுதான் எல்லை. ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஸ்டேட் ஸ்ட்ரீட் வரை போய், ஒரே இடத்தில் மட்டும் உட்கார்ந்து, முழுச் சுற்றையும் முடித்தார். அன்று சாயங்காலம் எனக்குத்தான் கால் வலி.