காணாமல் போன வைகாசி முகூர்த்தம்: போன்–கணினி சிங்க், மூன்றரை வருஷ அனுபவம்

கல்யாண போட்டோ, வீடியோ எடுப்பது என் தொழில். இதில் கேமரா மக்கர் பண்ணினால்கூட இரவல் வாங்கிச் சமாளித்துவிடலாம். தேதி தவறினால் மானம் போகும். 2022 வைகாசியில் எனக்குப் போனது. பஸ்ஸில் வரும்போது ஒரு பார்ட்டி கூப்பிட்டுச் சொன்ன முகூர்த்தத்தைப் போன் காலண்டரில் குறித்தேன். கடைக் கணினிக்கு அது வந்து சேரவே இல்லை. தம்பி திரையைப் பார்த்திருக்கிறான், அன்றைக்குக் காலியாக இருந்திருக்கிறது, வேறொருவரிடம் அட்வான்ஸ் வாங்கிப் போட்டுவிட்டான்.

காரணம் அற்பம். பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காகப் போன் அந்த காலண்டர் ஆப்பைப் பின்னணியில் தூங்க வைத்திருந்தது. எங்கேயும் ஒரு எச்சரிக்கை இல்லை. சிங்க், அதாவது போனிலும் கணினியிலும் ஒரே தகவல் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் வேலை, நின்றுபோனால் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அதுவரை எல்லாம் போனோடு வந்த கிளவுட் கணக்கில்தான் இருந்தன. பிரச்சினையைத் துருவும்போது இன்னொன்றும் உறுத்தியது. என் காண்டாக்டில் 1,900 பேர். பாதிக்கு மேல் பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார். குறிப்புக் கட்டத்தில் வீட்டு முகவரி, பாக்கித் தொகை, சிலருக்குக் கல்யாணம் நின்றுபோன விவரம்கூட. பிற்பாடு, 2022 டிசம்பரில், ஆப்பிள் நிறுவனம் ஐகிளவுடுக்குக் கூடுதல் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்தது. அதிலும் மெயில், காண்டாக்ட், காலண்டர் மூன்றையும் அந்தப் பூட்டுக்குள் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். மற்ற சேவைகளோடு ஒத்துப்போக வேண்டுமே என்பது அவர்கள் சொன்ன காரணம். நியாயம்தான். ஆனால் அந்தப் பாக்கித் தொகை என்னுடையது மட்டும் இல்லையே.

அதனால் அந்த வைகாசி மாதமே பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, காலண்டரையும் காண்டாக்டையும் நம்மிடமே வைத்துக்கொள்ள உதவும் ராடிகேல் என்ற இலவச சர்வரை நிறுவினேன். அதோடு சிங்க் செய்யப் போனில் டேவ்எக்ஸ்5 என்ற ஆப், கணினியில் தண்டர்பேர்ட் என்ற மெயில்–காலண்டர் மென்பொருள். இவை பேசிக்கொள்ளும் மொழி காலண்டருக்குக் கால்டேவ் (2007), காண்டாக்டுக்குக் கார்ட்டேவ் (2011). இரண்டுமே பொது நெறிமுறைகள் என்பதால் எந்தக் கம்பெனியையும் நம்பி இல்லை. டேவ்எக்ஸ்5 பிளே ஸ்டோரில் காசுக்கு, எஃப்-டிராய்டு என்ற இலவச ஆப் கடையில் சும்மா. நான் காசு கொடுத்தேன், உழைத்தவனுக்குப் போகட்டும்.

முதல் மாதம் கண்ணைக் கட்டியது. பழைய போனிலிருந்து ஏற்றுமதி செய்த கோப்பைத் திறந்தால் தமிழ்ப் பெயர் ஒன்றுகூட இல்லை. வரிக்கு வரி சமக்குறியும் எண்ணும்தான். காண்டாக்டைக் கோப்பாக எழுதும் விகார்ட் என்ற வடிவத்தின் பழைய 2.1 முறை அப்படி. தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சமக்குறியோடு சேர்ந்து மூன்று எழுத்து. ‘அம்மா’ என்ற பெயர் அந்தக் கோப்பில் 45 எழுத்து நீளம்! நீளமான பெயர்கள் வரி உடைந்து, பாதிப் பெயரோடு வந்து விழுந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, அதையே விகார்ட் 3.0-ஆக மாற்றி ஏற்றினேன்.

பிறகு அமாவாசை. முகூர்த்தம் பார்க்க உதவுமே என்று இணையத்தில் கிடைத்த ஒரு திதிக் கோப்பை ஏற்றினேன். எல்லா அமாவாசையும் காலை 5:30-க்குத் தொடங்கி மறுநாள் 5:30-க்கு முடிந்தன. திதிக்கு நேரம் உண்டுதானே என்று இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். பொங்கலும் 5:30-க்கு ஆரம்பித்தபோதுதான் சிரிப்பு வந்தது. ‘முழுநாள்’ என்று குறிக்காமல் கிரீன்விச் நள்ளிரவு என்று எழுதியிருக்கிறார்கள். நம் ஐந்தரை மணி வித்தியாசம் அப்படியே மேலே ஏறிவிட்டது.

இன்னொரு கூத்து: போனில் ‘மேக்கப்’ என்று ஒரு குழு வைத்திருந்தேன். கணினியில் அது மேக்கப் என்ற பெயரில் ஓர் ஆளாக, நம்பர் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. டேவ்எக்ஸ்5 அமைப்பில் குழு முறையை மாற்றியதும் சரியானது.

பாதுகாப்புக்கு நான் செய்தது ரொம்பச் சிக்கனம். சர்வரை இணையத்துக்குத் திறக்கவே இல்லை. கடை வைஃபையில் சிங்க் ஆகும். வெளியூர் போனால் வயர்கார்டு என்ற விபிஎன் (கடைக்குப் போடும் பூட்டிய தனிப் பாதை) வழியாக. மண்டபத்தில் சிக்னல் இல்லாவிட்டால் ராத்திரிவரை காத்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் இத்தனை பூட்டுக்கும் பின்னால் ஒரு ஓட்டை உண்டு. காண்டாக்ட் கடைசியில் வந்து உட்காருவது போனின் பொதுப் பட்டியலில். ஏதோ ஒரு ஆப் அனுமதி கேட்டு நாம் ‘சரி’ தட்டினால் 1,900 பேரும் போனார்கள். அதனால் டார்ச் ஆப் காண்டாக்ட் கேட்டால் ஆப்பையே தூக்கிவிடுகிறேன்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: ராடிகேலில் ஒவ்வொரு காண்டாக்டும் தனித்தனிக் கோப்பு. மாற்றம் நடக்கும்போதெல்லாம், கோப்புகளின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் கிட் என்ற மென்பொருளில் பதிவாகும்படி வைத்திருக்கிறேன். போன வருஷம் தம்பி டூப்ளிகேட்டை ஒழிக்கிறேன் என்று தண்டர்பேர்டில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 300 பேரை அழித்துவிட்டான். அடுத்த சிங்க்கில் என் போனிலும் அந்த 300 பேர் இல்லை. சிங்க்கை பேக்கப் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அழித்ததையும் அது அதே விசுவாசத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்கும். கிட்டில் முந்தின நாள் நிலைக்குத் திரும்பப் பத்து நிமிஷம் ஆனது.

மார்கழியில் போன் தொலைந்தது. புதுசு வாங்கி, கணக்கைச் சேர்த்து, கால் மணி நேரத்தில் எல்லாம் வந்துவிட்டன, 11 பேரைத் தவிர. அவசரத்தில் சேர்த்தபோது அவர்களை ‘இந்தப் போனில்’ என்ற இடத்தில் சேமித்திருக்கிறேன். சிங்க் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. அதில் மேளக்காரர் ஒருவர். தை பிறந்து அவரே கூப்பிட்டபோதுதான் நம்பர் திரும்பக் கிடைத்தது.