துருமாற்றிக் கரைசல்: பழைய மாருதி 800இல் ஓராண்டு அனுபவம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியில் எங்கள் தெருவுக்குள் புகுந்த தண்ணீர் வடிய மூன்று நாள் ஆயிற்று. 1998ஆம் ஆண்டு மாடலான எங்கள் மாருதி 800 அந்த மூன்று நாளும் இருக்கையின் அடிப்பாகம் நனையும் அளவுக்குத் தண்ணீரில் நின்றது. எஞ்சினை மெக்கானிக் ஒரு வாரத்தில் ஓட வைத்துவிட்டார். தரைத் தகட்டைக் காட்டியபோது மட்டும், அது வண்டித் தகட்டு வேலை செய்யும் டிங்கர் பார்க்க வேண்டிய வேலை என்று விலகிக்கொண்டார். டிங்கர் சொன்ன கூலி, வண்டியை விற்றால் கிடைக்கும் தொகையில் ஏறக்குறைய பாதி. எனவே பொங்கல் கழிந்து வெயில் நிலைத்ததும், பெயிண்ட் கடையில் ரஸ்ட் கன்வர்ட்டர் என்று விற்கும் துருமாற்றிக் கரைசலில் 250 மில்லி குப்பி ஒன்றை வாங்கி நானே வேலையில் இறங்கினேன். அதன் பிறகு ஒரு மழைக்காலம் முழுவதும் கடந்துவிட்டதால், அந்தக் கரைசலைப் பற்றி இப்போது நம்பிக்கையுடன் எழுத முடிகிறது. குப்பியின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். டானிக் அமிலம் கலந்தது என்று லேபிளில் போட்டிருக்கும் எந்தக் குப்பிக்கும் இங்கே சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் வண்டியின் நிலையைச் சொல்ல வேண்டும். ரப்பர் மேட்டையும் அதன் கீழிருந்த கார்ப்பெட்டையும் எடுத்தபோது, தொழிற்சாலையில் ஒட்டிய தார் அட்டை மேலுக்கு நன்றாகவே இருந்தது. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல தகடு கணீரென்றும் கெட்ட தகடு அட்டைப் பெட்டியைத் தட்டியது போல மந்தமாகவும் ஒலிக்கிறது. ஓட்டுநர் பக்கத்தில், கிளட்ச் மிதிக்குக் கீழே அப்படி மந்தமாக ஒலித்த இடத்தில் அட்டையைச் சுரண்டியதும் மூன்று விரல் நுழையும் அளவுக்கு, பள்ளங்களை நிரப்பப் பூசும் பட்டி என்ற பசை பெயர்ந்து கையோடு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பட்டறையில் தரையைச் சரி செய்ததாகச் சொல்லிப் பணம் வாங்கியவர்கள், ஓட்டையின் மேல் பட்டியை அப்பிப் பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பொருள் என்பதால், அதற்கு அடியில் துரு தடையின்றி வளர்ந்து, ஓட்டை முன்பைவிடப் பெரிதாகியிருந்தது.

துருமாற்றி என்ன செய்கிறது என்பது நமக்குப் புதிய செய்தியன்று. கடுக்காயையும் இரும்பு உப்பான அன்னபேதியையும் சேர்த்து நம்மவர்கள் எழுதுவதற்கு மை காய்ச்சினார்களே, ஏறத்தாழ அதே வினைதான் இது. கடுக்காயில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின் (லேபிளில் உள்ள டானிக் அமிலமும் இந்த வகையே) இரும்போடு சேர்ந்து கருநீல நிறச் சேர்மமாகிறது. அது தண்ணீரில் எளிதில் கரைவதில்லை. கரைசலில் இத்துடன் பால் போன்ற ஒரு பிசினும் கலந்திருப்பதால், காய்ந்த பிறகு மெல்லிய படலம் ஒன்று தகட்டின் மேல் நின்றுவிடுகிறது. பூசும்போது வெள்ளையாக இருப்பது ஐந்து நிமிடத்தில் ஊதாவாகி, அரை மணிக்குள் நாவற்பழத் தோல் போலக் கறுத்துவிடும். பார்க்க மிகவும் திருப்தியாக இருக்கும். அந்தத் திருப்தியில்தான் பலர் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன். கறுப்பது மேலே உள்ள துரு மட்டுமே. அடுக்கடுக்காகப் பெயரும் துருவின் மேல் பூசினால் முதல் அடுக்கு கறுக்கும். அதற்குக் கீழே உள்ளது அப்படியே சிவப்பாக இருக்கும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்துவிடுவதால், கீழே இருப்பது வளர வளர மேலிருக்கும் கருப்புப் படலத்தையும் பெயிண்டையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுகிறது.

ஆகவே, குப்பியைத் திறப்பதற்கு முன்பே வேலையின் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும். பெயரும் துருவைச் சுரண்டுகத்தியால் எடுத்து, கிரைண்டரில் கிண்ண வடிவக் கம்பி பிரஷ்ஷான கப் பிரஷ் மாட்டித் தேய்த்து, மூலைகளை 80ஆம் எண் உப்புத்தாளால் கையாலேயே உரசி, நகத்தால் கீறினால் தூள் உதிராத கெட்டியான பழுப்பு நிறம் வரும்வரை கொண்டுவந்தேன். ஓட்டுநர் பக்கத் தரைக்கு மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின. கப் பிரஷ்ஷின் கம்பிகள் தெறித்துச் சட்டையில் குத்தி நிற்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் யாரும் கை வைக்கக் கூடாது. அதற்குப் பின் தின்னரில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, தகடு முழுக்க உலர்ந்த பிறகே கரைசலைப் பூசினேன். முதல் பூச்சுக்கு ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது, அதன்மேல் ஒரு முழு நாள் காயவிட்டு, பெயிண்டுக்கு அடியில் பூசும் எபாக்சி பிரைமர், கடைசியில் சாதாரண எனாமல் என்று முடித்தேன். பளபளவென்று தேய்த்துவிட்ட வெற்று இரும்பில் கரைசலுக்கு வேலையே இல்லை. வினை புரிய அங்கே துரு கிடையாது. அத்தகைய இடங்களுக்கு நேரடியாக எபாக்சி பிரைமர் போதும். இரும்புக்கு வழக்கமாக அடிக்கும் செந்நிற ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தால் போதாதா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். ரெட் ஆக்சைடு ஈரத்தை முழுவதும் தடுக்கும் பூச்சன்று. மேலே பெயிண்ட் இல்லாமல் அதை மட்டும் அடித்து விட்டால் சென்னை ஈரக்காற்றில் வெகுநாள் தாங்காது.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிரஷ்ஷை நேராகக் குப்பிக்குள் விட்டுத் தோய்த்தேன். பிரஷ்ஷில் ஒட்டிய துருத்தூள் உள்ளே போனதால், குப்பியில் மீதமிருந்த கரைசலும் வினைபுரியத் தொடங்கி, மறுவாரம் திறந்தபோது திரிந்த பால் போலக் கட்டிகட்டியாகக் கறுத்துக் கிடந்தது. ஏறத்தாழ நூறு மில்லி வீண். வேண்டிய அளவை ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றிக்கொண்டு, மீந்ததைத் திரும்பக் குப்பியில் ஊற்றாமல் விடுவதே முறை என்று லேபிளில் கண்ணுக்குத் தெரியாத சிற்றெழுத்தில் எழுதியிருந்தது. இவ்வளவு முக்கியமான எச்சரிக்கையை அந்த அளவில் அச்சடித்திருப்பது இந்தப் பொருளின் மீது எனக்குள்ள முதல் குறை. நல்ல பெயிண்டின் மேல் வழிந்தால் உடனே ஈரத்துணியால் துடைக்காவிட்டால் கறை நின்றுவிடும் என்பது இரண்டாவது.

பாஸ்பாரிக் அமிலம் கலந்த மலிவான கரைசல் ஒன்றையும் பேட்டரித் தட்டில் முயன்று பார்த்தேன். துருவைக் கரைப்பதில் அது வேகமானது. ஆனால் பின்னர் கழுவி உடனே உலர்த்த வேண்டியிருக்கிறது. கழுவிய தகடு காய்வதற்குள் மஞ்சளாகப் புதுத் துரு படர்ந்துவிட்டது. கழற்றி வெயிலில் வைக்கக்கூடிய பாகங்களுக்கு அது சரி. தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாத வண்டித் தரைக்கு ஒத்துவராது.

மூன்று விரல் நுழைந்த ஓட்டைக்கு எந்தக் கரைசலும் உதவவில்லை, உதவவும் முடியாது. அந்தத் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம் உடையது. போன இரும்பை எந்த இரசாயனமும் திருப்பித் தராது. ஃபைபர் துணியும் ரெசினும் கொண்டு மூடலாம் என்று எண்ணினேன். ஆனால் காலின் எடையும் மிதியின் அழுத்தமும் விழும் இடம் என்பதால் மனம் ஒப்பவில்லை. இருக்கை, சீட் பெல்ட் ஆகியவற்றின் போல்ட்டுகள் பிடிக்கும் இடங்களுக்கும் இதுவே பொருந்தும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, மெல்லிய தகட்டுக்கு ஏற்ற மிக் வெல்டிங் தெரிந்த ஒருவரிடம் புதுத் தகட்டுத் துண்டு வைத்துப் பற்றவைத்துக்கொண்டேன். சாதாரண ஆர்க் வெல்டிங் இவ்வளவு மெல்லிய தகட்டை எளிதில் பொத்தலாக்கிவிடும்.

கடந்த ஜனவரியில் கார்ப்பெட்டை மறுபடியும் தூக்கிப் பார்த்தேன். ஒழுங்காகச் சுரண்டிப் பூசிய தரையில் ஒரு கொப்புளம்கூட இல்லை. பெயிண்டை ஓரிடத்தில் கீறிப் பார்த்தபோதும் கீழே கருப்புப் படலம் கெட்டியாக நின்றது. பின்சக்கர வளைவின் உள்மடிப்பில் மட்டும் பெயிண்ட் உப்பியிருந்தது. அந்த மடிப்புக்குள் பிரஷ் நுழையவில்லை என்பதால் மேலோட்டமாகத் துடைத்துவிட்டுக் கரைசலைத் தாராளமாக ஊற்றிய இடம் அது. குற்றம் கரைசலுடையது அன்று, என்னுடையதே.

நானூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலைக்கு, தகடு இன்னும் உயிரோடு இருக்கும் இடங்களில் இந்தக் கரைசலைத் தயங்காமல் வாங்கலாம். சக்கர வளைவுக்காக இன்னொரு குப்பி வாங்கி வைத்திருக்கிறேன். இம்முறை மடிப்புக்குள் நுழைவதற்குப் பழைய பல்துலக்கும் பிரஷ் அளவில் ஒரு கம்பி பிரஷ்ஷும், கூடவே ஒரு பிளாஸ்டிக் டம்ளரும்.